பூமணி ஊற்றிய கல்

செத்தவர்களின் படத்துக்குச் சட்டம் போட்டே என் ஆயுசில் பாதி போய்விட்டது. பிரிக்பீல்ட்ஸில் கடை. சாமி படம் வரும், கல்யாணப் படம் வரும், ஆனால் கடை ஓடியது என்னவோ செத்தவர்களால்தான். பதினாறாம் நாளுக்குள் வேண்டும் என்று வந்து நிற்பார்கள். அப்பாவுக்குப் பின்னால் நீல வானம் வேண்டும், அம்மா கழுத்தில் ஒரு சங்கிலி வரைந்து தர முடியுமா என்பார்கள். உயிரோடு இருந்தபோது வாங்கித் தராத சங்கிலியை என்னிடம் வந்து வரையச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முகத்துக்கு நேரே சொல்லியும் விடுவேன். இராமலிங்கத்துக்கு வாய் நீளம் என்று இந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அந்த வாயை வைத்துக்கொண்டு பூமணியைப் பற்றி இத்தனை நாள் எதுவும் சொல்லாமல் இருந்துவிட்டேன். அவளைப் பற்றிப் பேப்பரில் ஒரு வரி வந்ததில்லை. மேடையில் கூப்பிட்டு யாரும் மாலை போட்டதில்லை. ஆனால் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் இன்றைக்கும் பல வீட்டுச் சாமி அலமாரிகளில் அவள் ஊற்றிய கல் இருக்கிறது. யார் செய்தது என்று அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியாது.

அவள் முதன்முதலாக என் கடைக்கு வந்தது எழுபத்தொன்பது வாக்கில். கிள்ளானிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். நெற்றியில் பெரிய பொட்டு, கையில் பேப்பர் சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்துக் காட்டினாள். உள்ளங்கை கனத்துக்குக் கண்ணாடி மாதிரி ஒரு பலகை. அதற்குள் செவ்வந்தி இதழ்கள், உடைந்த வளையல் துண்டுகள், ஒரு சேலைக் கரையின் ஜரிகை. எல்லாம் தண்ணீருக்குள் மிதந்துகொண்டே நின்றுபோன மாதிரி இருந்தன.

"என்னம்மா இது, அகர் அகரா? அப்படியே வெட்டிச் சாப்பிட்டுரலாம் போல இருக்கே" என்றேன்.

"கடிச்சுப் பாருங்கண்ணே, பல்லு போயிரும்" என்று சிரித்தாள். "இதுக்கு ஃபிரேம் போட முடியுமா?"

மேரு பக்கம் ஒரு ஃபேக்டரியில் வேலை செய்தாள். ஃபைபர் கிளாஸ் என்கிற கண்ணாடி நாரில் தண்ணீர்த் தொட்டியும் சின்னப் படகும் செய்கிற இடம். நார்ப் பாயை அச்சின் மேல் விரித்து, ரெசினை ஊற்றி, உருளையால் தேய்க்க வேண்டும். ரெசின் தேன் மாதிரி இருக்கும். ஹார்ட்னர் என்று ஒரு மருந்து. அதைக் கொஞ்சம் கலந்தால் தானாகச் சூடாகி, இறுகி, கல்லாகிவிடும். ஒருநாள் டப்பா மூடியில் மிச்சம் இருந்த ரெசினில் அவள் தலையிலிருந்து ஒரு மல்லிகைப் பூ விழுந்துவிட்டது. எடுப்பதற்குள் இறுகிவிட்டது. மற்றவர்கள் அதைக் குப்பையில் போட்டிருப்பார்கள். பூமணி வீட்டுக்குக் கொண்டுபோனாள். அன்றைக்கு ஆரம்பித்தது.

அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கெடுத்துக் கெடுத்தே கற்றுக்கொண்டாள். பச்சைப் பூவை அப்படியே போட்டால் ஒரு வாரத்தில் தேயிலைச் சக்கை நிறத்துக்கு வந்துவிடும். கடற்கரை மணலைச் சலித்து, பூவை அதில் புதைத்துக் காயவைத்தால் நிறம் நிற்கும். காகிதத்துக்கு முதலில் கோந்து பூச வேண்டும், இல்லையென்றால் எண்ணெய் பட்டதுபோல் ஆகிவிடும். எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்றை அவள் எனக்கே பலமுறை சொல்லியிருக்கிறாள். கனமாக ஒரே தடவையில் ஊற்றக் கூடாது. ஒரு விரல் கனம் ஊற்றி, அது இறுகிச் சூடு அடங்கிய பிறகு, மறுநாள் அடுத்தது. பொறுமை இல்லாமல் ஊற்றினால் சூடு உள்ளேயே மாட்டிக்கொண்டு கல் வெடித்துவிடும். முதல் வருஷம் வெடித்த கற்களை அடுக்கித்தான் கொல்லைப்புறத்தில் வாழைக்குப் பாத்தி கட்டியிருந்தாள்.

அவள் புருஷன் நாகையா அந்தக் கற்களைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப் போவான். பிள்ளை இல்லாத வீடு. பெண்டாட்டி செய்வதையெல்லாம் தூக்கிக்கொண்டு கம்பம் முழுக்க வீடு வீடாகக் காட்டிவிட்டு வருவான். "கண்ணாடிக் கல்லு" என்று பெயர் வைத்தவனும் அவன்தான். லோரியில் சரக்கு ஏற்றி இறக்கும் அட்டெண்டனாக இருந்தவன், கூட்டாளி பேச்சைக் கேட்டு, துறைமுகத்திலிருந்து சுமத்ராவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் ஒரு மரப் படகில் வேலைக்குச் சேர்ந்தான். போனால் ஒரு வாரத்தில் திரும்பிவிடுவான். எண்பத்தொன்றாம் வருஷம், ஆடி மாதம் பிறக்கிற சமயம், போன படகு திரும்பவில்லை.

சுமத்ரா பக்கமிருந்து காற்றும் மழையுமாக அடித்த நாட்கள் அவை. படகு முதலாளித் தவுக்கே கொஞ்ச நாள் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார். பலகை கிடைக்கவில்லை, ஆள் கிடைக்கவில்லை. கூடப் போனவர்களின் வீடுகளில் அழுது முடித்து, கருமாதி செய்து, படத்துக்கு மாலை போட்டார்கள். அதில் இரண்டு படத்துக்கு நான்தான் சட்டம் போட்டேன். பூமணி மட்டும் படம் கொண்டு வரவில்லை.

"பாத்தவங்க யாருண்ணே?" என்பாள். "முழுகிப் போறத யாராச்சும் பாத்தாங்களா? பாக்காத ஒண்ணுக்கு நான் எப்படிக் கருமாதி பண்றது?"

இதற்குள் ஊர் வாய் சும்மா இருக்குமா? ஒருத்தன் வந்து சுமத்ராவில் ஒரு பாசாரில், சந்தைக் கூட்டத்துக்குள், நாகையாவைப் பார்த்தேன் என்றான். இன்னொருத்தன், அங்கே அவனுக்கு வேறு குடும்பம் ஆகிவிட்டது என்றான். அப்படிச் சொன்னவன் என் கடைக்கு வந்தபோது நாலு வார்த்தை நன்றாகக் கேட்டு வெளியே அனுப்பினேன். ஆனால் பூமணி அந்தப் பேச்சைக்கூடப் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டாள்.

"வேற பொம்பளையோட இருந்தாலும் பரவால்லண்ணே" என்று ஒருநாள் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னாள். "இருந்தா போதும்."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு ஆணி அடிக்கிற கை நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கிள்ளானிலிருந்து பஸ் ஏறித் துறைமுகத்துக்குப் போவாள். படகுத்துறையில் வருகிறவர்களிடம் கேட்பாள். மலாய்க்காரர்கள், சீனர்கள், இந்தோனேசியாக்காரர்கள் எல்லாருக்கும் அவளைத் தெரியும். தூரத்தில் வரும்போதே கையை ஆட்டி, இல்லை என்று காட்டிவிடுவார்கள். திரும்பி வந்து அந்த பஸ் டிக்கெட்டை ஒரு பலகையில் ஒட்டி, மேலே மெல்லியதாக ரெசின் ஊற்றுவாள். அடுத்த ஞாயிறு அதன் மேல் இன்னொரு டிக்கெட். வருஷக்கணக்கில் அந்தப் பலகை கனத்துக்கொண்டே போனது. மேலே இருப்பவை தெளிவாகத் தெரியும். உள்ளே போகப் போக மஞ்சளாகி, அடியில் இருப்பவை மங்கலாக நிழலாடும். ஒருமுறை அவள் அதை என் கடைக்குக் கொண்டுவந்திருந்தபோது ஒரு வெள்ளைக்காரர் விலைக்குக் கேட்டார். "இன்னும் முடியலன்னு சொல்லுங்கண்ணே" என்றாள்.

அவளைச் செத்தவர்களின் வேலைக்கு இழுத்தது நான்தான். குணபூசணி டீச்சர் என்று எங்கள் பக்கத்தில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மாள். அவர் தகப்பனார் ரயில்வேயில் கார்டாக இருந்து இறந்தவர். படத்தோடு அவருடைய விசிலையும் கொண்டுவந்து, "இதையும் ஃபிரேமுக்குள்ள வைக்க ஏலுமோ?" என்று கேட்டார். பூமணியைக் காட்டிவிட்டேன். அவள் படத்துக்குக் கோந்து பூசி, விசிலை அதன் பக்கத்தில் சாய்த்து, ஒவ்வொரு நாளும் ஒரு விரல் கனமாக ஊற்றி ஒரு கல் செய்து கொடுத்தாள். டீச்சர் அதைக் கையில் வாங்கி விளக்கில் பிடித்துப் பார்த்தார். கல்லை மடியில் வைத்துக்கொண்டு கடை மூடும்வரை உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு வந்துகொண்டே இருந்தார்கள். மூக்குக் கண்ணாடி, வெற்றிலைப் பெட்டி, குழந்தையின் கால் கொலுசு, கடைசியாகப் போட்டிருந்த மூக்குத்தி, பாதி தீர்ந்த மூக்குப்பொடி டப்பா. செத்தவர்களின் சாமான்களைக் கையால் தொட்டு, துடைத்து, அவர்களைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் ஊற்றுவாள். "இவரு எந்தக் கையில வாட்ச்சு கட்டுவாரு?" என்று கேட்பாள். ஊற்றிய பிறகு அது தெரியவே போவதில்லை. இருந்தாலும் கேட்பாள்.

ஒருமுறை பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் அவள் வேலைகளைக் கண்காட்சியாக மாட்டி வைத்தேன். பூமணி தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். கோட்டு போட்ட ஒருவர் அவளைத் தேடிப் பிடித்து, "எந்த காலேஜ்ல படிச்சீங்க?" என்றார். "மேரு ஃபேக்டரிங்க" என்றாள். அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அப்படி அவள் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

ரெசின் அவளிடம் கூலி வாங்காமல் விடவில்லை. ஜன்னல் இல்லாத ஃபேக்டரி, வீட்டிலும் அதே வேலை. முதலில் இருமல் வந்தது. பிறகு மூக்கு செத்துப்போனது. மல்லிகையை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டாலும் அவளுக்கு மணக்காது. கறி அடிப்பிடித்தால் பக்கத்து வீட்டுக்காரி வந்து சொல்ல வேண்டும். "நல்லதுக்குத்தாண்ணே, பாசார் மீன் நாத்தம் எனக்கு இல்ல லா" என்று கேலி பேசுவாள்.

ஊருக்கெல்லாம் கல் செய்தவளிடம், நாகையாவுக்கு ஒன்று ஏன் செய்யவில்லை என்று நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். நாகையாவின் சாமான் என்று அவளிடம் மிஞ்சியிருந்தது ஒரு சட்டை. நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டது. கடைசி தீபாவளிக்கு அவள் வாங்கிக் கொடுத்தது. மற்றதெல்லாம் இற்றுப்போனது, அல்லது எலி கடித்துப் போட்டது. அந்தச் சட்டையை மட்டும் துவைத்துத் தேய்த்து அலமாரியில் மாட்டி வைத்திருந்தாள்.

"துணிய ரெசின்ல ஊத்தினா நனைஞ்ச மாதிரியே ஆயிரும்ணே. எப்பவும் ஈரமாவே தெரியும். அவரு சட்டையை என்னால அப்படிப் பாக்க முடியாது" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அதுவும் இல்லாம, அவரு எங்க இருக்காருன்னே தெரியலயே. எங்க இருக்காருன்னு தெரியாத ஆளுக்கு எப்படிண்ணே கல்லு ஊத்துறது?" என்றாள்.



காணாமல் போனவருக்குப் பன்னிரண்டு வருஷம் பார்ப்பது நம்மவர்கள் வழக்கம். அதற்குள் வரவில்லையென்றால், தர்ப்பைப் புல்லில் ஓர் உருவம் செய்து, அதையே ஆளாக நினைத்து எரித்து, சாம்பலைக் கடலில் கரைத்துக் கருமாதியை முடித்துவிட வேண்டும். தொண்ணூற்று மூன்றில் அந்தக் கெடு வந்தது. நாகையாவின் அக்கா இராஜம்மா பூமணியைத் தேடி வந்தாள்.

இராஜம்மாவைக் கெட்டவள் என்று நினைத்துவிடக் கூடாது. ஃபேக்டரியில் பூமணியை வேலையை விட்டு நிறுத்தியபோது அரிசியும் மீனுமாகச் சுமந்து வந்தவள் அவள்தான். அவள் மகளுக்கு வந்த சம்பந்தமெல்லாம் தட்டிப்போய்க்கொண்டிருந்தது. கரையேறாத ஆத்மா ஒன்று குடும்பத்தில் நிற்கிறது என்று ஜோசியக்காரர் சொல்லிவிட்டார். அப்போது நானும் அங்கே இருந்தேன்.

"அவன் என் தம்பி, பூமணி. எனக்கு மட்டும் வலிக்காதா?" என்றாள் இராஜம்மா. "அவன் சோறு தண்ணி இல்லாம அலையிறான்னு சொல்றாங்க. ஒரு பிடி எள்ளு தண்ணி குடுத்து அனுப்பிருவோம்மா. எத்தனை நாளைக்குத்தான் அவனை நிப்பாட்டி வெப்ப?"

"நான் நிப்பாட்டி வெக்கலக்கா. தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"பன்னெண்டு வருஷமாவா?"

பூமணி சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. இராஜம்மா ஆடி அமாவாசைக்கு நாள் குறித்துவிட்டுப் போனாள். இடம், மோரிப் கடற்கரை. எல்லாரையும் ஏற்றிப்போக என் வேனைக் கேட்டிருந்தார்கள். போகும்போது வாசலில் நின்று ஒன்று சொன்னாள். புல் உருவத்துக்குச் சுற்ற, ஆள் உடுத்திய துணி ஒன்று வேண்டும் என்று சடங்கு நடத்தும் பண்டாரம் கேட்கிறாராம். அந்தச் சட்டையை எடுத்து வை என்றாள்.

அமாவாசைக்கு முதல் நாள் கிள்ளானில் நல்ல மழை. பூமணி வீட்டில் போன் கிடையாது. காலையில் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்க மத்தியானத்துக்கு மேல் நானே போனேன். சந்துக்குள் திரும்பும்போதே நாற்றம் வந்துவிட்டது. பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம். பூமணி வாசலில் உட்கார்ந்து, முறத்தில் எள்ளுக்குக் கல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணே, மழையில வந்திருக்கீங்க" என்றாள்.

"என்னம்மா கருகுது?"

"எங்கண்ணே? அடுப்புல ஒண்ணும் இல்லியே."

என் முகத்தைப் பார்த்தாள். முறம் கையிலிருந்து நழுவியது. எழுந்து பின்கட்டுக்கு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன்.

அவள் வேலை செய்கிற தகரக் கொட்டகை முழுக்கப் புகை. மேஜை மேல் மர அச்சு. அதற்குள் ஒரு சாண் கனத்துக்கு ஊற்றியிருந்த ரெசின் பழுப்பாகிப் புகைந்துகொண்டிருந்தது. நடுவில், மடித்து வைத்த அந்தச் சட்டை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டப் என்று ஒரு சத்தம் கேட்டது. கல் குறுக்கே வெடித்தது. நான் தண்ணீரை எடுக்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாண்ணே. இனிமே என்ன?"

நடந்தது இதுதான். சட்டையைக் கேட்டதும் அவளுக்கு வேறு வழி தோன்றவில்லை. கல்லுக்குள் வைத்துவிட்டால் யாரும் எடுத்து எரிக்க முடியாது. நனைந்த மாதிரித் தெரிந்தாலும் பரவாயில்லை, எரியாமல் இருந்தால் போதும். கொடுப்பதா வேண்டாமா என்று மனசோடு போராடியே முந்தின நாட்களைப் போக்கிவிட்டாள். நாளுக்கு ஒரு விரல் ஊற்ற இனி நாளில்லை. அதனால் மொத்தத்தையும் ஒரே தடவையில் ஊற்றினாள். மழை நாளில் ரெசின் சீக்கிரம் இறுகாது. ஃபேக்டரியில் அப்படிப்பட்ட நாட்களில் ஹார்ட்னரைக் கூட்டி விடுவார்கள். அங்கே மெல்லிசாகத் தேய்க்கிற வேலை, சூடு காற்றோடு போய்விடும். வருஷக்கணக்கில் பழகிய கை, மழையைப் பார்த்ததும் தானாகக் கூட்டி விட்டுவிட்டது. இதெல்லாம் தெரியாதவளா அவள்? எனக்கே பாடம் எடுத்தவள். ஆனால் அன்றைக்கு அவளுக்கு அவகாசம் இல்லை.

புகை அடங்கியது. பூமணி அச்சை உடைத்துக் கல்லை வெளியே எடுத்தாள். சட்டை கருகி, துருப்பிடித்த நிறமாகியிருந்தது. காலரில் மட்டும் விரலகலத்துக்கு நீலம் மிச்சமிருந்தது. அதைத் தடவிப் பார்த்தாள்.

"நெருப்புக்குக் குடுக்கக் கூடாதுன்னுதாண்ணே ஊத்தினேன்" என்றாள். பிறகு, "எனக்கு மணக்கவே இல்லண்ணே. இங்கதான் உக்காந்திருந்தேன். எரிஞ்சது எனக்கு மணக்கவே இல்ல" என்றாள்.

அப்போதுதான் அழுதாள். படகு திரும்பாத நாளிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததில்லை. அந்த அழுகையெல்லாம் சேர்ந்து வந்தது. தரையில் உட்கார்ந்து, கல்லை மடியில் வைத்துக்கொண்டு, வாய்விட்டு அழுதாள். எனக்கும் அடக்க முடியவில்லை.

மழை விட்ட பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். சிந்திய எள்ளைக் கூட்டி எடுத்தாள். "காலையில வெள்ளனவே வந்துருங்கண்ணே. நானும் வரேன்" என்றாள்.

மோரிப்பில் அன்றைக்கு நல்ல கூட்டம். அப்பா அம்மாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க வந்தவர்கள் கரை முழுக்க இருந்தார்கள். கடல் பொங்கி நின்றது. எங்கள் பண்டாரம் ஒரு சவுக்கு மரத்துப் பக்கம் இடம் பிடித்து, புல் உருவத்தைக் கட்டி வைத்துவிட்டுத் துணியைக் கேட்டார். பூமணி துண்டில் சுற்றி வைத்திருந்ததைப் பிரித்தாள்.

"இது என்னம்மா? இதை எப்படி நெருப்புல வெக்கிறது?"

"வெக்க வேணாம் சாமி. நேத்தே எரிஞ்சிருச்சு. நான்தான் எரிச்சேன்."

பண்டாரம் விவரமானவர். கல்லையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். மேற்கொண்டு கேட்காமல் தன் தோளிலிருந்த துண்டைக் கிழித்துப் புல்லுக்குச் சுற்றினார். கொள்ளியை இராஜம்மாவின் மூத்த மகன் வைத்தான். புல்தானே, நிமிஷத்தில் எரிந்து முடிந்தது. தாலியைக் கழற்றச் சொந்தத்தில் ஒரு விதவைப் பெண் முன்னால் வந்தாள். பூமணி வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, தானே கழற்றிப் பால் கிண்ணத்தில் போட்டாள்.

இராஜம்மா அந்தக் கல்லைக் கையில் எடுத்தாள். காலரில் மிச்சமிருந்த நீலத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தாங்கவில்லை. தீபாவளிக்கு அந்தச் சட்டையோடு தம்பி வந்து சாப்பிட்டுப் போனதைச் சொல்லி மாரில் அடித்துக்கொண்டாள். சாம்பலோடு அதையும் கடலில் விடச் சொன்னார் பண்டாரம். அவள் கொடுக்கவில்லை.

"என்கிட்ட அவன் பொருளுன்னு ஒண்ணுமே இல்ல. இதை நான் வெச்சுக்கிறேன் பூமணி. சாமி அலமாரியில வெச்சுக்கிறேன்மா."

கருமாதி செய்தே தீர வேண்டும் என்று நின்றவள், கடைசியில் விட முடியாமல் நின்றாள். பூமணி அவள் தோளைத் தொட்டாள்.

"அலமாரியிலதாங்க்கா பன்னெண்டு வருஷம் இருந்தாரு" என்றாள். "போதும். வாங்க."

இரண்டு பேரும் கல்லை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்கள். இடுப்பளவு வந்ததும் நின்றார்கள். முதலில் சாம்பலை விட்டார்கள். அது கலங்கி, பூவோடும் எள்ளோடும் கலைந்து போய்விட்டது. பிறகு கல்லை விட்டார்கள். அது அப்படியே நேராகக் கீழே போனது. பூமணி அசையாமல் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பிக் கரையைப் பார்த்து, அந்தச் சவுக்கு மரத்தைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு அவள் ரெசினைத் தொடவில்லை. மூச்சு விட முடியாதபோது எப்படித் தொடுவது? துறைமுகத்துக்குப் போவதையும் விட்டுவிட்டாள். டிக்கெட் பலகையை என்னிடம் கொண்டுவந்து கொடுத்து, "முடிஞ்சிருச்சுண்ணே, ஃபிரேம் போட்டுருங்க" என்றாள். போட்டு என் கடைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். விலைக்கு இல்லை. இராஜம்மாவின் மகளுக்கு மறு வருஷம் கல்யாணம் நடந்தது. கருமாதி செய்ததால் நடந்ததா, நடக்கிற வேளை வந்ததா, எனக்குத் தெரியாது. பூமணியை அந்தக் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்காரவைக்கக் கூடாது என்று யாரோ முணுமுணுத்தார்கள். அவர்களுக்கு என் வாயின் நீளத்தை நன்றாகவே காட்டிவிட்டு வந்தேன்.

ஆடி அமாவாசை வந்தால் அவளை வேனில் மோரிப்புக்குக் கூட்டிப்போவது இப்போது என் வேலை. போன வருஷமும் போனோம். நாங்கள் போய்ச் சேரும்போது கடல் வற்றிப் போயிருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை சேறு, ஆங்காங்கே நண்டுக் குழிகள். மற்றவர்கள் தூரத்துத் தண்ணீரைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பூமணி அந்தச் சவுக்கு மரத்துக்கு நேராகச் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினாள். மூச்சு வாங்க வாங்க நடந்துபோய் ஓரிடத்தில் நின்றாள். அங்கே பார்க்க ஒன்றுமில்லை. கல்லைச் சேறு எப்போதோ மூடிவிட்டது. குனிந்து எள்ளையும் பூவையும் சேற்றின் மேல் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் அங்கேயே குந்தியிருந்தாள்.

திரும்பி வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தபோது, "என்னம்மா, இத்தனை தூரம் நடந்துபோய் அங்க என்ன இருக்கு? மூச்சு வாங்குது பாரு" என்று கடிந்துகொண்டேன்.

"சாம்பல் கரைஞ்சிருச்சுண்ணே, பூவு அடிச்சிக்கிட்டுப் போயிருச்சு. நான் ஊத்தினது கரையாது" என்றாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேனில் ஏறி உட்கார்ந்தாள். "இப்ப அவரு எங்க இருக்காருன்னு எனக்குத் தெரியும்ணே."

நான் வண்டியை எடுத்தேன்.